யூதித்தின் கையில் யாருடைய தலை?

கேள்வி: அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலியின் யூதித்து ஓவியத்தில், யூதித்தின் கையில் தொங்குவது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தலை. விவிலியத்தில் வெட்டுப்படுவது ஆண்தானே?

பதில்: ஆமாம், யூதித்தின் ஊரை முற்றுகையிட்ட அசீரியப் படைத்தலைவன் ஒலோபெரின். ஊரைக் காக்க அவன் கூடாரத்துக்கே போன யூதக் கைம்பெண்தான் யூதித்து. முதலில் யூதித்து நூலின் 12, 13 அதிகாரங்களைப் படித்துவிடுங்கள். (கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் இருக்கும், சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் இருக்காது.) யூதித்துமேல் ஆசைப்பட்டு விருந்துக்கு அழைத்தவன், மிதமிஞ்சிக் குடித்துவிட்டுப் படுக்கையில் விழுந்து கிடக்கிறான். கட்டில் தூணருகே தொங்கிய அவனுடைய வாளையே எடுத்து, முடியைப் பற்றி, கழுத்தில் இருமுறை வெட்டுகிறார் யூதித்து. பணிப்பெண் அப்போது அறைக்கு வெளியே நிற்கிறாள். தலை உணவுப் பைக்குள் போகிறது.

இனி ஓவியங்களுக்கு வாருங்கள். யார் எதை மாற்றினார் என்று பாருங்கள். சொல்லவந்தது அங்கேதான் இருக்கும். இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1599 வாக்கில் பணிப்பெண்ணை உள்ளே கொண்டுவந்து, துணியை ஏந்திக் காத்திருக்க வைத்தார். இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி 1612-13 வாக்கில் அதே பணிப்பெண்ணை ஒலோபெரினை அமுக்கிப் பிடிக்க வைத்தார். கொலை இரண்டு பெண்கள் சேர்ந்து செய்யும் கடும் உழைப்பானது. வைலி 2012இல் கூடாரம், கட்டில், பணிப்பெண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். பத்தடி உயர லினன் துணியில், நியூயார்க் தெருவில் கண்டெடுத்த கறுப்பினப் பெண் ஒருவர் ஜிவான்ஷி என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனத்தின் கவுனில் நிமிர்ந்து நிற்கிறார். பின்னணிப் பூங்கொடி முன்னால் வந்து கவுன்மேலும் படர்கிறது. தலை மாறியதும் ஒலோபெரினின் ஆசை கதையை விட்டுப் போய், அழகு யாருக்குச் சொந்தம் என்ற இன வழக்கு வந்து உட்காருகிறது. வலுவான மாற்றம்தான். ஆனால் யூதித்து உயிரைப் பணயம் வைத்தார் என்பது இதில் தெரியவில்லை. எனக்கு அது குறையே.

கேள்வி: அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன் தன்னையே யூதித்தாக்கி 1990இல் எடுத்த எண் 228 புகைப்படம்போல் கல்லூரிக்காகச் செய்யவிருக்கிறேன். எதில் கவனம் தேவை?

பதில்: தலையில். ஷெர்மன் பிடித்திருப்பது முகமூடி. போலி என்பதை மறைக்கவில்லை. நீங்களும் மறைக்க வேண்டாம், ஆனால் கனம் வேண்டும். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. வெற்று ரப்பர் முகமூடியைத் தூக்கினால் கன்னம் ஒட்டிப்போகும், கையும் பொய் சொல்லும். நடுவில் 2 கிலோ மணல் பை வைத்துச் சுற்றிலும் பழந்துணி திணியுங்கள்; தோளும் மணிக்கட்டும் தானாக இறங்கும். விக்கைப் பசையால் ஒட்டினால் அந்தக் கனத்துக்குக் கழன்றுவிடும். நைலான் நூலால் தையுங்கள், உள்பக்கம் காடாத்துணி கொடுத்து; இல்லாவிட்டால் ரப்பர் கிழியும். பக்கவாட்டில் ஒரே விளக்கு போதும். ரப்பர் பளபளத்தால் முகப் பவுடரை லேசாகத் தட்டிவிடுங்கள்.