இரவில் படுக்கையை நனைக்கும் நாய்: கால்நடை மருத்துவரின் பதில்கள்

வீட்டு நாய் இரவில் படுக்கையை நனைப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, நாய் பூனைகளுக்கான மருத்துவத்தில் நீண்ட காலம் பணியாற்றிவரும் கால்நடை மருத்துவர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி (மதுரை): எங்கள் லேப்ரடார் பெட்டைக்கு ஆறு வயது, எடை 32 கிலோ. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கருத்தடை அறுவை செய்தோம். சில வாரங்களாகக் காலையில் அது எழுந்ததும் மெத்தையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம் இருக்கிறது. பகலில் ஒரு குறையும் இல்லை. கொழுப்பெடுத்துப்போய்ச் செய்கிறது என்று என் மாமனார் அதைத் திட்டுகிறார். என்ன செய்வது, டாக்டர்?

பதில்: உறக்கத்தில் தன்னை அறியாமல் வெளியேறிய சிறுநீருக்கு அந்த நாய் பொறுப்பல்ல என்பதைப் பெரியவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். படுக்கை நனைகிறது என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்த நேரத்தில் நாய் உறங்கியதா, விழித்திருந்ததா என்பதுதான். படுத்த இடத்திலேயே, வால்புறம் மட்டும் நனைந்து, நாயும் ஒன்றும் அறியாமல் எழுந்துவந்தால் அது கசிவு. எழுந்து நின்றோ, குந்தியோ, வேறோர் இடத்துக்குப் போயோ செய்தால் காரணத்தை வேறு திசையில் தேட வேண்டும். ஐயம் இருந்தால் பழைய கைபேசி ஒன்றை அறையில் வைத்து ஓரிரவு காணொளி எடுத்துப் பாருங்கள். மருத்துவருக்கு அது பாதி வேலையைக் குறைத்துவிடும்.

நீங்கள் விவரிப்பது, கருப்பையும் சினைப்பையும் நீக்கப்பட்ட பெட்டை நாய்களில், அதிலும் 20 கிலோவுக்கு மேற்பட்ட இனங்களில், அடிக்கடி காணப்படும் சிறுநீர்க்குழாயை இறுக்கி மூடிவைக்கும் தசையின் தளர்ச்சியைப் போல இருக்கிறது. சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு அந்தத் தசையின் இறுக்கத்துக்குத் துணைநிற்கிறது. அது நின்றுபோனபின் சில நாய்களில் தசை மெல்ல மெல்லத் தளர்கிறது. அறுவை முடிந்த சில மாதங்களிலும் தொடங்கலாம், பல ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். பகலில் நாய் அடிக்கடி வெளியே போய்ச் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிடுகிறது. ஆரோக்கியமான நாய்க்கு ஒரு நாளில் கிலோ எடைக்கு ஏறத்தாழ 20 முதல் 40 மி.லி. வரை சிறுநீர் ஊறுவதால், உங்கள் நாய்க்கு எட்டு மணி நேர இரவில் ஏறத்தாழ 200 முதல் 400 மி.லி. வரை சேர்ந்துவிடும். உறக்கத்தில் தசையும் தளரும்போது அது வழி தேடிக்கொள்கிறது.

இருந்தாலும் அறுவையின் மீதே பழியைப் போட்டுவிட்டு மருந்தைத் தொடங்கிவிடக் கூடாது. சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்றோ, கல்லோ, நீரிழிவோ இருந்தாலும் முதல் அறிகுறி நனைந்த மெத்தையாகவே இருக்கக்கூடும். எனவே சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் முதலில் நடக்கட்டும். அவற்றில் குறை இல்லையென்றால், தசையை இறுக்கும் ஃபினைல்புரோபனோலமைன் அல்லது ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரியால் என்னும் மருந்தை மருத்துவர் பரிந்துரைப்பார். பெரும்பாலான நாய்கள் இவற்றால் நல்ல முன்னேற்றம் காண்கின்றன. ஆனால் மருந்தை நிறுத்தினால் கசிவு திரும்பும் என்பதால் நீண்ட காலச் செலவாக இதைக் கணக்கில் கொள்ளுங்கள். முதல் மருந்து இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது. இதய நோய் உள்ள நாய்க்கு அதைக் கொடுப்பதற்கு முன் மிகவும் யோசிக்க வேண்டும். உடல் பருத்திருந்தால் எடையைக் குறைப்பதும் உதவும். பெட்டை லேப்ரடாருக்கு 32 கிலோ என்பது மேல் எல்லையை ஒட்டிய எடை. விலாவைத் தடவிப் பார்த்து எலும்பு கைக்குத் தட்டுப்படாவிட்டால் சோற்றைக் குறையுங்கள்.

கேள்வி (மதுரை, அதே வாசகி): அப்படியானால் கருத்தடை செய்ததே தவறா?

பதில்: இல்லை. கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கோக்கும் ஆபத்து உண்டு, அது உயிரையே வாங்கிவிடும். கசிவு தொல்லைதான், ஆனால் மாத்திரையால் கட்டுப்படுவது.

கேள்வி (கோயம்புத்தூர்): எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் நாய்க்கு ஒன்பது வயது, எடை 10 கிலோ. நிறையத் தண்ணீர் குடிக்கிறது, நள்ளிரவில் எழுந்து கதவைப் பிராண்டுகிறது, நாங்கள் எழுந்துவருவதற்குள் தன் பாயிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. இரவு எட்டு மணிக்குமேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடும்படி நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறது என்று நாம் நினைக்கிறோம். நோயுற்ற நாயில் பெரும்பாலும் நிறையப் போவதால்தான் நிறையக் குடிக்கிறது. சிறுநீரகம் நீரைத் தக்கவைக்க முடியாத நிலையில் கிண்ணத்தையும் எடுத்துவிட்டால், விடிவதற்குள் உடல் வறண்டு நிலைமை மோசமாகிவிடும்.

அதற்குப் பதிலாக அளந்து பாருங்கள். காலையில் அளவுக் குவளையால் கிண்ணத்தில் நீர் ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைக் கழித்து எழுதிவையுங்கள். தொட்டி, வாளி, குளியலறை என்று வேறெங்கும் அது குடிக்காமல் பார்த்துக்கொண்டு மூன்று நான்கு நாட்கள் தொடருங்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மி.லி.யைத் தாண்டினால், அதாவது உங்கள் நாய் ஒரு லிட்டருக்குமேல் குடித்தால், அது இயல்பு அல்ல. ரசம் சாதமும் தயிர்ச் சாதமும் சாப்பிடும் நாய்க்கு உணவிலேயே நீர் சேர்ந்துவிடுவதால், அத்தகைய நாய் முக்கால் லிட்டர் குடித்தாலே நான் காரணம் தேடத் தொடங்குவேன். கருவாட்டுத் தலை, சிப்ஸ் போன்ற உப்பான பண்டங்களை யாராவது கொடுக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். எங்கள் மருத்துவமனையில் இந்தக் கேள்விக்கு வீட்டுத் தாத்தா பாட்டிகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

இந்த வயதில் முதலில் நினைவுக்கு வருபவை நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, அட்ரீனல் சுரப்பி மிகையாக வேலை செய்யும் குஷிங் நோய் ஆகியவை. நன்றாகத் தின்றும் மெலிந்தால் நீரிழிவையும், வயிறு தொங்கி இரு விலாப்புறமும் முடி உதிர்ந்தால் குஷிங் நோயையும் சந்தேகிக்கலாம். சிறுநீரின் அடர்த்தி எண் நமக்குப் பெரிய துணை: உடலில் நீர் குறையும்போது ஆரோக்கியமான நாயின் சிறுநீர் 1.030க்கு மேல் அடர்த்தி அடையும். மீண்டும் மீண்டும் 1.008க்கும் 1.012க்கும் இடையிலேயே நின்றால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். மனிதர்களுக்கான சோதனைப் பட்டையில் வரும் அடர்த்தி எண் நாய்க்குப் பொருந்தாது. ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): சிறுநீரைப் பிடித்து வரச் சொல்கிறார்கள். எப்படிப் பிடிப்பது?

பதில்: கழுவி உலர்த்திய நீண்ட காம்புள்ள குழிக்கரண்டி போதும். காலையில் முதன்முதலாக வெளியே அழைத்துச் செல்லும்போது, நாய் சிறுநீர் கழிக்கத் தொடங்கிய ஓரிரு விநாடிகளுக்குப் பின் பின்புறமாகக் கரண்டியை நீட்டுங்கள். முன்கூட்டியே நீட்டினால் அது எழுந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் மூடியுள்ள டப்பாவில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள், முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் இந்த மாதிரி உதவாது; மருத்துவரே வயிற்றின் வழியாக ஊசியால் எடுப்பார். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, பெரும்பாலான நாய்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): மூன்று மாதச் சிப்பிப்பாறைக் குட்டி. இரவில் சாக்கை விரித்துப் படுக்கவைக்கிறோம், தினமும் நனைக்கிறது. மூக்கைத் தேய்த்துக் காட்டினால் திருந்தும் என்கிறார்கள்.

பதில்: மூன்று மாதக் குட்டியிடம் இரவு முழுவதும் அடக்கும் திறனை எதிர்பார்ப்பதே நியாயமில்லை. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மணியோ, அதுவே பகலில் அடக்கக்கூடிய உச்சவரம்பு என்று தோராயமாகக் கொள்ளலாம். உங்கள் குட்டிக்கு நான்கு மணி நேரம். மூக்கைத் தேய்த்தால் அது கற்பது ஒன்றே ஒன்று, உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய்ச் சிறுநீர் கழிப்பது. மாலை உணவை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, நீங்கள் படுக்கப் போகும்போது ஒருமுறையும், அலாரம் வைத்து அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறையும் வெளியே தூக்கிச் செல்லுங்கள். விளையாட்டுக் காட்டாமல், விளக்கைப் பெரிதாக்காமல், சிறுநீர் கழித்து முடித்ததும் மெல்லப் பாராட்டிவிட்டுத் திரும்ப விட்டுவிடுங்கள். நனைந்த சாக்கை வெயிலில் காயப்போட்டு அப்படியே விரிக்காதீர்கள்; அதில் தங்கிய வாடை அங்கேதான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று குட்டியை அழைக்கும். துவைக்கக்கூடிய பழைய பருத்திப் புடவை சாக்கைவிட நல்லது. ஐந்தாறு மாத வயதில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி (சென்னை): எங்கள் ஹஸ்கி பெட்டைக் குட்டிக்கு ஏழு மாதம். வாங்கிவந்த நாளிலிருந்து பின்பக்க முடி எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. ஒழுங்காக வெளியே போய்ச் சிறுநீர் கழித்தாலும் இரவில் படுக்கை நனைகிறது.

பதில்: பழக்கிப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். சிறுநீரகத்திலிருந்து வரும் நாளம் பையில் சேராமல் அதைத் தாண்டிக் கீழே திறக்கும் பிறவிக் குறை ஒன்று உண்டு. பெட்டைகளில் மிகுதி, ஹஸ்கி, லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் இனங்களில் அறியப்பட்டது. ஒரு பக்க நாளம் மட்டும் பிசகியிருந்தால் நாய் இயல்பாகவும் சிறுநீர் கழிக்கும், கூடவே சொட்டிக்கொண்டும் இருக்கும். ஸ்கேனில் கண்டறிந்து அறுவையால் சரிசெய்ய வாய்ப்புண்டு. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு அருகில்தானே, அங்கே காட்டுங்கள். அதுவரை கருத்தடை அறுவையைத் தள்ளிவையுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து தொடங்கியபின் எங்கள் நாட்டு நாய் இரவில் படுக்கையில் சிறுநீர் கழித்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: மருந்துச் சீட்டில் பிரெட்னிசோலோன் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தாகமும் சிறுநீரும் பெருகியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அளவு குறையும்போது இதுவும் குறையும். ஆனால் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடல் தடுமாறிவிடும் என்பதால், மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அதுவரை நள்ளிரவில் ஒருமுறை வெளியே விடுங்கள்.

கேள்வி (சேலம்): எங்கள் நாய்க்குப் பதின்மூன்று வயது. இரவெல்லாம் அறைக்குள் நடக்கிறது, சுவரைப் பார்த்து நிற்கிறது, படுக்கையையும் நனைக்கிறது. முதுமை என்று விட்டுவிடுவதா?

பதில்: முதுமைதான், ஆனால் விட்டுவிட வேண்டியதில்லை. இரவு பகல் மாறிப்போவது, பழகிய அறையில் திசை தெரியாமல் நிற்பது, கற்ற பழக்கத்தை மறப்பது ஆகியவை மூளை தளர்வதன் அடையாளங்கள். அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காடும் 15, 16 வயது நாய்களில் 68 விழுக்காடும் இத்தகைய அடையாளங்களில் ஒன்றையாவது காட்டின. எனினும் மறதி என்று முடிவுகட்டுவதற்கு முன், மூட்டு வலியால் எழ முடியாமல் படுத்தபடியே விட்டுவிடுகிறதா என்று பாருங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் கிழ நாய் எழுவதற்குப் படும் பாட்டைக் கண்டால் அது ஏன் எழவில்லை என்பது புரியும். கதவுவரை சாக்கோ ரப்பர் விரிப்போ போட்டுவையுங்கள், இரவில் சிறு விளக்கு எரியட்டும். வலி மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரிடம் மட்டுமே வாங்குங்கள். நாம் விழுங்கும் இபுபுரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். நனைந்த படுக்கையில் கிடக்கும் கிழ நாயின் தோல் வெந்து புண்ணாகும். நம் ஊர் வெயிலில் ஈ மொய்த்து ஓரிரு நாட்களுக்குள் புழு வைத்துவிடும். தொடைகளுக்கு இடையிலும் வாலுக்கு அடியிலும் முடியைக் கத்தரித்து, தினமும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அந்த இடங்களைக் கண்ணால் பாருங்கள். கயிறு அல்லது நைலான் பட்டை பின்னிய தாழ்வான கட்டில் கிடைத்தால் சிறுநீர் கீழே வடிந்துவிடும், நாய் ஈரத்தில் கிடக்காது.

கேள்வி (புதுச்சேரி): ஒன்றரை வயது ஆண் நாய். என் மகனின் கட்டிலில் ஏறி, காலைத் தூக்கிக் கொஞ்சமாகச் சிறுநீர் கழித்துவிட்டு இறங்குகிறது. ஃபினாயில் போட்டுத் துடைத்தும் பயனில்லை.

பதில்: இது விழிப்போடு செய்யும் எல்லைக் குறியிடல். கருத்தடை செய்தால் பல ஆண் நாய்களில் குறையும். இரவில் அந்த அறைக் கதவைச் சாத்திவையுங்கள். ஃபினாயில் மனித மூக்கை ஏமாற்றுமே தவிர நாயின் மூக்கை ஏமாற்றாது, அதை நக்கினால் நஞ்சும்கூட. நொதி கலந்த துப்புரவுத் திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், அதை ஊற்றி ஊறவிட்டுத் துடையுங்கள். நாய்க்குக் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ இருந்தால் கையுறை இல்லாமல் அதன் சிறுநீரைத் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் அதன் வழியாக மனிதருக்கும் பரவும்.

கேள்வி (வேலூர்): எந்த நிலையில் விடியும்வரை காத்திருக்கக் கூடாது?

பதில்: ஆண் நாய் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டால் அல்லது ஒன்றும் வராமல் தவித்தால் கல் அடைத்திருக்கலாம், பை நிரம்பிச் சொட்டுவதையும் சிலர் கசிவு என்று எண்ணிவிடுகிறார்கள். கருத்தடை செய்யாத பெட்டை, சூட்டுக்கு வந்து ஒன்றிரண்டு மாதங்களில், மிகுதியாக நீர் குடித்துச் சோர்ந்து வாந்தி எடுத்தால் கருப்பைச் சீழைச் சந்தேகியுங்கள். பின்னங்கால்கள் திடீரென்று இழுபட்டு, கூடவே சிறுநீரும் கட்டுப்பாடின்றிப் போனால் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டிருக்கலாம். இம்மூன்றிலும் அந்த இரவே கிளம்புங்கள்.

கேள்வி (திருச்சி): மருந்து பலனளிக்கும்வரை டயப்பர் கட்டலாமா?

பதில்: கட்டலாம், படுக்கும் நேரத்துக்கு மட்டும். நாய்களுக்கான டயப்பர் விலை அதிகம் என்றால் குழந்தைகளுக்கானதில் வாலுக்கு ஓட்டை போட்டுக் கட்டுங்கள். வெட்டிய விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டாவிட்டால் உள்ளிருக்கும் உறிஞ்சு பொடி உதிர்ந்து நாய் அதைத் தின்றுவிடும். காலையில் எழுந்தவுடன் அவிழ்த்து, கழுவித் துடைத்த பிறகே வெளியே அழைத்துச் செல்லுங்கள்.