சின்ன வயதில் போன பொழுதுபோக்குப் பூங்கா மேல் உங்களுக்கு இன்னும் ஆசை இருக்கிறதா? அப்படி என்ன இருக்கிறது அதில்?

இருக்கிறது, கொஞ்சமும் குறையவில்லை.

"அந்த வயது இனிமையானது, அதனால் பூங்காவும் இனிக்கிறது" என்று பலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அதே வயதில் போன எத்தனையோ இடங்கள் மனதில் மங்கிவிட்டன, பூங்கா மட்டும் மங்கவில்லை. என்னைக் கேட்டால் அதற்குக் காரணம் அங்கிருந்த இயந்திரங்கள்தான். அவை எப்படி ஓடுகின்றன என்று வளர்ந்த பிறகு தேடித்தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கப் பாசம் கூடியதே தவிரக் குறையவில்லை.

முதலில் டாஷிங் கார். அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே மூக்கில் சுருக்கென்று ஒரு வாசனை ஏறும். ஒவ்வொரு காரின் பின்னாலும் ஒரு நீளக் கம்பம். அதன் நுனி கூரையில் விரித்த கம்பி வலையை உரசிக்கொண்டே போகும், உரசும் இடத்தில் நீல நிறத்தில் பொறி பறக்கும். நான் ஓட்டுவதை விட்டுவிட்டு அண்ணாந்து அந்தப் பொறியையே பார்த்துக்கொண்டிருப்பேன். வலையிலிருந்து கம்பம் வழியாக இறங்கும் மின்சாரம் மோட்டாரை ஓட்டிவிட்டு இரும்புத் தரை வழியாகத் திரும்பிவிடுகிறது. கார்கள் இஷ்டத்துக்குத் திரும்பியும் எந்த வயரும் சிக்கிக்கொள்ளாத ரகசியம் அதுதான். அந்த வாசனை, மின்பொறி பறக்கும்போது உண்டாகும் ஓசோனுடையது. இன்றைக்கும் எங்காவது அது வந்தால் கை தானாக ஸ்டீயரிங்கைத் தேடுகிறது.

குடை ராட்டினத்தில் எனக்கு வெளிவரிசைக் குதிரைதான் வேண்டும். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஆனால் வெளிவரிசை கடக்கும் தூரம் அதிகம், அதனால் வேகமும் அதிகம். கணக்கு தெரியாத பிள்ளைகள்கூட இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், கதவு திறந்ததும் ஓரத்துக்குத்தான் ஓடுவார்கள்.

அப்புறம் ரோலர் கோஸ்டர். இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். இறக்கத்தைவிட எனக்கு நன்றாக நினைவில் இருப்பது அந்த முதல் ஏற்றம். டக், டக், டக் என்று அடியிலிருந்து வரும் சத்தம் வயிற்றையே கலக்கும். ஏதோ கழன்றுவிட்டது என்றே நினைத்துக்கொள்வேன். உண்மையில் அது நம்மைக் காக்கிற சத்தம். பெட்டியின் அடியில் உள்ள கொக்கி தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக இருக்கும் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து எழுகிறது. இழுக்கும் சங்கிலியே அறுந்தாலும் பெட்டி பின்னால் உருளாமல் அந்தக் கொக்கி பிடித்துக்கொள்ளும். இதைப் படித்த அன்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தனை பயத்துக்கும் அடியில் யாரோ ஒருவர் எங்களைப் பற்றி அவ்வளவு அக்கறையாக யோசித்திருக்கிறார்!

அப்படி யோசித்தவர்களில் முக்கியமானவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். தண்டவாளத்துக்கு மேலே மட்டுமல்லாமல் அடியிலும் சக்கரம் வைத்து, பெட்டி எழும்பிவிடாமல் இறுக்கும் முறைக்கு 1919-ல் அவர் காப்புரிமை பெற்றார். பிறகுதான் செங்குத்தான இறக்கங்களைத் துணிந்து கட்ட முடிந்தது. அதற்கு முன், 1884-ல் நியூயார்க்கின் கோனி தீவில் லமார்க்கஸ் தாம்சன் திறந்த சவாரி மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் போனது. கட்டணம் 5 சென்ட். அந்த வேகத்துக்கே கூட்டம் அலைமோதியதாம்.

எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று கேட்டால் கடைசி வரிசை என்பேன். முன்பெட்டி உச்சியைத் தாண்டும்போது பின்பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், அதனால் அது மெதுவாகத்தான் இறங்கத் தொடங்கும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது மற்றவை எல்லாம் பாய்ந்துகொண்டிருக்கும். அந்த வேகத்திலேயே அது இழுபட்டு, இருக்கையிலிருந்து உடம்பு மேலெழும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவ்வளவு நேரம் வரிசையில் நிற்பது.

ராட்சத ராட்டினம் வேறு ரகம், அது அம்மாவுக்குப் பிடித்தது. கீழே ஆள் ஏற்றுவதற்காக நிறுத்துவார்கள், நாங்கள் மேலே ஊசலாடிக்கொண்டிருப்போம். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடியே "அதோ பார், அதோ பார்" என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். 1893-ல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் நிறுத்திய முதல் ராட்சத ராட்டினம் சுமார் 80 மீட்டர் உயரம். 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர் ஏறலாம். 1906-ல் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது.

சரி, எல்லாமே அப்படிப் போய்விடவில்லை. பென்சில்வேனியாவின் அல்டூனாவில் 1902-ல் கட்டிய 'லீப் தி டிப்ஸ்' என்ற மர ரோலர் கோஸ்டர் 1985-ல் நின்றுபோனது. அதை இழக்க மனமில்லாதவர்கள் முயன்று, பழுதுபார்த்து 1999-ல் மறுபடி ஓட வைத்தார்கள். உலகில் இன்றும் எஞ்சியிருக்கிற மிகப் பழைய ரோலர் கோஸ்டர் அதுதான். இன்றைய சவாரிகளோடு பார்த்தால் உயரமும் இல்லை, வேகமும் இல்லை. ஆனாலும் அதற்காக மெனக்கெட ஆட்கள் இருந்தார்கள். அவர்களை எனக்கு நன்றாகப் புரிகிறது.

உங்கள் சின்ன வயதுப் பூங்கா இன்னும் திறந்திருந்தால், கூட்டம் குறைவான ஒரு நாளாகப் பார்த்துப் போய்வாருங்கள். புதுச் சவாரிகள் இருக்கட்டும், முதலில் பழையதில் ஏறுங்கள். இயக்குபவர் ஓய்வாக இருந்தால் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள், பெரும்பாலும் ஆசையாகவே சொல்வார்கள்.