பேச்சுப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்

வணக்கம் சகோதரி. ஆட்டிசம் உள்ள உங்கள் ஐந்து வயது மகனுக்கு இசைச் சிகிச்சை தொடங்கினால் ஆறு மாதத்தில் பேச்சு வந்துவிடும், பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று ஒரு மையத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். இப்படிக் கெடு வைத்து வாக்குக் கொடுப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

இசைச் சிகிச்சை பற்றி 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 9 நாடுகளில் ஆட்டிசம் உள்ள, 4 முதல் 7 வயதுவரையுள்ள 364 குழந்தைகள் பங்கேற்றார்கள். ஐந்து மாதச் சிகிச்சைக்குப் பிறகும், அதைப் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே சமூகத் தொடர்புச் சிக்கலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2022இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு, ஒட்டுமொத்த முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் இருக்கக்கூடும் என்றது. பேச்சில் தெளிவான பலனைக் காணவில்லை.

அதற்காக இசைச் சிகிச்சை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். என் மகள் மேளத்தை ஒரு தட்டுத் தட்டுவாள். சிகிச்சையாளர் அதையே திருப்பித் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பார். அடுத்த தட்டு ஏன் வரவில்லை என்று அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பாள். மற்றப் பயிற்சிகளில் அந்த ஒரு பார்வையைக் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது. பெற்றோர் பலர் இதை விடாமல் தொடர்வது இதற்காகத்தான். எந்த அளவுகோலில் இதை எழுதுவார்களோ!

இன்ன ராகம் இன்ன குறையைத் தீர்க்கும் என்று பட்டியல் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மிக்சி சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்கிறான் என்கிறீர்களே, அதை முதல் நாளே சொல்லுங்கள். ஒலியைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். ஒரு வகுப்பையாவது கூட இருந்து பார்க்க விடாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.