2 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது, கொத்தனார். நான்கு மாதங்களுக்கு முன் வேலைக்குப் போகும்போது, எம்-சாண்ட் ஏற்றிவந்த டிப்பர் லாரி சிக்னல் போடாமல் இடதுபக்கம் திரும்பி, பின்சக்கரம் அவர் வலது காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லாரிக்காரர், "வண்டியை விற்றுவிட்டேன், ஆர்.சி. மட்டும்தான் என் பெயரில் இருக்கிறது" என்கிறார். வாங்கியவர், "ரோடு காண்டிராக்டருக்கு வாடகைக்கு விட்டிருந்தேன்" என்கிறார். என் கணவர் ஹெல்மெட் போடாததால் கேஸ் நிற்காது, 2 லட்சம் வாங்கிக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று வற்புறுத்துகிறார்கள். டிரைவர் தன் மனைவியோடு வந்து அழுதுவிட்டுப் போனார். அவர்களைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது. நான் என்ன செய்ய?
— ஒரு வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

அன்புச் சகோதரி,

அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கணவரையும் போட விடாதீர்கள். போட்டுவிட்டாலும் நீதிமன்றத்தில் வாதாட வழி இருக்கும்தான். ஆனால் "எல்லாம் பேசி முடித்துக்கொண்டோம்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வருடக்கணக்கில் இழுத்தடிக்கும்.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் போய்விட்டது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உள்ளன. அவற்றை நம்பி ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். காயம் ஆறட்டும், செயற்கைக்கால் பொருத்தட்டும், பிறகு பார்க்கலாம் என்றும் இருக்க வேண்டாம். மனுவை முதலில் போட்டுவிட்டு, பிறகு வரும் பில்களை வழக்கு நடக்கும்போதே சேர்க்கலாம். விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். இந்த மனுவுக்குச் சுருக்கப் பெயர் எம்.சி.ஓ.பி.; கோர்ட் வளாகத்தில் அப்படிச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் பெரிய மனதோடு தருவதாகச் சொல்லும் அந்த 2 லட்சத்தைப் பாருங்கள். அதே சட்டத்தின் 164-வது பிரிவு, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் தரச் சொல்கிறது. ஒரு கேள்வியும் கேட்காமல் சட்டம் தரச் சொல்லும் தொகையைவிடக் குறைத்துத்தான் பேரம் பேசுகிறார்கள். அதற்காக, இன்சூரன்ஸ் தரப்பில் யாராவது வந்து அந்த இரண்டரை லட்சத்தை நீட்டினால் உடனே வாங்கிவிடவும் கூடாது. அதை ஏற்றுக்கொண்டால் 166-ல் போட்ட மனு காலாவதியாகிவிடும். உங்கள் கணவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது 166-ன் கீழ்தான் கிடைக்கும்.

அது எவ்வளவு வரும்? ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கணவரின் மாத வருமானம் 18,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 40 வயதுக்குக் கீழே உள்ள, சொந்தமாகத் தொழில் செய்கிறவர் என்றால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்று 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 25,200 ஆகிறது. வருடத்துக்கு 3,02,400. அவர் வயதுக்கான பெருக்கல் எண் 15. இது 2009-ல் சர்லா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணை. மொத்தம் 45,36,000. இதில் எத்தனை சதவீதம் அவர் கைக்கு வரும் என்பதில்தான் வழக்கின் உயிரே இருக்கிறது.

மருத்துவச் சான்றிதழில் ஊனம் 50 சதவீதம் என்று எழுதியிருக்கலாம். அப்படியே எடுத்துக்கொண்டால் 22,68,000. ஆனால் உடம்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு, பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக விளக்கியது: இடது கை போனால் ஒரு அரசு எழுத்தருக்கு வேலை போகாமல் இருக்கலாம், டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும். கர்நாடகத்தில் வலது காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு 85 சதவீத இழப்பு என்று 2014-ல் அதே நீதிமன்றம் தீர்மானித்தது. ஒரு கொத்தனார் சாரத்தில் ஏறி நிற்க வேண்டும், குந்தி உட்கார்ந்து தரை போட வேண்டும், கலவைச் சட்டியோடு மாடிப்படி ஏற வேண்டும். செயற்கைக்காலோடு இவற்றில் எதைச் செய்ய முடியும்? இதை உங்கள் கணவர் சாட்சிக் கூண்டில் தன் வாயால், தன் தொழில் பாஷையிலேயே சொல்ல வேண்டும். மேஸ்திரி ஒருவரும் சாட்சி சொன்னால் இன்னும் நல்லது. 80 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் அந்தத் தொகை 36,28,800. சிகிச்சைச் செலவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை, செயற்கைக்கால், அது தேயும்போது மாற்றுவதற்கான செலவு எல்லாம் இதற்கு மேல். வட்டியும் உண்டு. இது நான் வைத்துப் பார்த்த கணக்கு. தீர்ப்பாயம் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். ஆனால் 2 லட்சம் எந்த மூலைக்கு என்பது உங்களுக்கே தெரியும்.

வருமானத்துக்குச் சான்று இல்லாவிட்டால் ஒரு உத்தேசத் தொகையைத் தீர்ப்பாயமே வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது குறைவாகத்தான் இருக்கும். அதனால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் தேடி எடுங்கள். மேஸ்திரியின் கணக்கு நோட்டு, கூலி வந்த ஜிபே பதிவுகள், சங்க ரசீது எல்லாம் உதவும். வாரியத்தின் விபத்து உதவித் தொகைக்கும் தனியாக விண்ணப்பியுங்கள்.

ஹெல்மெட் விஷயத்துக்குப் பயப்படவே வேண்டாம். ஹெல்மெட் காப்பாற்றுவது தலையை. நசுங்கியது கால். விதியை மீறியதற்கும் விபத்துக்கும் காயத்துக்கும் தொடர்பு இருந்தால்தான் இழப்பீட்டில் கைவைக்க முடியும் என்பதை 2020-ல் ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹெல்மெட் போடாததற்கு அபராதம் விதிக்கலாம். அதற்காகக் கால் போனதற்கு ஈடு இல்லை என்று சொல்ல முடியாது.

யார் பொறுப்பு என்று அவர்கள் ஒருவரையொருவர் கைகாட்டுவது டிப்பர் தொழிலில் எப்போதும் நடப்பது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. 2018-ல் நவீன்குமார் வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தும் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. டிரைவர், பதிவு உரிமையாளர், வாங்கியவர், இன்சூரன்ஸ் நிறுவனம் எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். டிரைவருக்குச் சம்பளம் கொடுத்து, எத்தனை நடை அடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது காண்டிராக்டர்தான் என்றால் அவரையும் சேர்க்க வக்கீலிடம் சொல்லுங்கள். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டாலே இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை என்பது தெரியும்.

டிப்பர் வழக்கில் பலர் கோட்டைவிடும் ஒரு சான்று உண்டு: கனிமவளத் துறையின் நடைச்சீட்டும், கிரஷரில் போட்ட எடைமேடைச் சீட்டும். அன்று எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை டன் ஏற்றியது, எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். பாரம் அதிகமென்றால் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது சட்டம். உங்களுக்கு அந்த அபராதம் முக்கியமில்லை. பாரம் ஏறிய வண்டி பிரேக் போட்டால் நிற்காது, திருப்பத்தில் அடங்காது. அதுவே அஜாக்கிரதைக்குச் சாட்சி. இந்தச் சீட்டுகளை வரவழைக்கத் தீர்ப்பாயத்தில் மனு போடச் சொல்லுங்கள். இவற்றோடு எஃப்.ஐ.ஆர்., சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி. போலீஸ் 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு விரிவான விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். போயிருக்கிறதா என்று ஸ்டேஷனில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே விசிட்டிங் கார்டோடு நின்று, "வர்றதுல இத்தனை சதவீதம் எனக்கு" என்று பேசுகிறவர்களிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் இழப்பீட்டில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். பெண் என்ற முறையில் உங்களுக்கும், மாற்றுத்திறனாளி என்ற முறையில் உங்கள் கணவருக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். சமரசம் பேசலாம், தவறில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் பேசுங்கள். அங்கே முடித்தால் அதற்கு மேல் அப்பீல் இல்லை என்பதால் தொகையை நன்றாக யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள்.

இனி டிரைவர் குடும்பம். கால் போன வீட்டில் இருந்துகொண்டு அவர்களுக்காகவும் வருந்துகிறீர்களே, அம்மா. அந்தக் கவலையை இறக்கி வையுங்கள். அவர் மீதான குற்ற வழக்கு அரசு நடத்துவது. நீங்கள் இழப்பீடு கேட்காவிட்டாலும் அது நடக்கும். இழப்பீட்டு மனுவில் அவர் பெயர் வரும், ஆனால் பணம் கட்ட வேண்டியது இன்சூரன்ஸ் நிறுவனம். அதற்காகத்தான் பிரீமியம் வாங்கியிருக்கிறது. ஒருவேளை அவரிடம் கனரக வாகன உரிமம் இல்லை, வண்டிக்குப் பெர்மிட் இல்லை என்று நிறுவனம் சொல்லலாம். 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை லைட் வெஹிகிள் உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. எம்-சாண்ட் டிப்பர் அந்த எடைக்குள் அடங்காது. அப்போதும் பெரும்பாலும், முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்றுதான் நீதிமன்றம் நிறுவனத்துக்கு உத்தரவிடும். சரியான உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தவர் உரிமையாளர். அந்தச் சுமையும் அவர் தலையில்தான் விழும்.