பிஎஸ்4-ஐ குடுத்து அனுப்புறதுக்கு முன்னாடி ஜிடிஏ 5 சேவ்-ஐ எடுத்து வைங்க

தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "அண்ணா, காலேஜ் படிக்கும்போது பிஎஸ்4 கேம் கன்சோல்ல ஜிடிஏ 5 ஆடிட்டு இருந்தேன், 61% வரைக்கும் போச்சு, அப்புறம் வேலை, கல்யாணம்னு அப்படியே விட்டுப்போச்சு. இப்ப பிஎஸ்5 வாங்கியாச்சு. பழைய டிஸ்க் இருக்கு, அதையே போட்டு ஆடலாமா, இல்ல மறுபடி காசு குடுத்து பிஎஸ்5 வெர்ஷன் வாங்கணுமா? பழைய சேவ் (விட்ட இடத்துல இருந்து தொடர வைக்கிற ஃபைல்) வருமா? பிஎஸ்4-ஐ ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போறார்."

ஞாயித்துக்கிழமைன்னு கடைசி லைன்ல சொன்னீங்க பாருங்க, அதுதான் தம்பி இதுல முக்கியமான விஷயமே. நான் ஒரு தடவை அவசரத்துல பழைய பெட்டிய ஃபார்மட் பண்ணி குடுத்துட்டு, ரெண்டு நாள் கழிச்சு தலையில கைய வெச்சு உக்காந்தவன், அதனால முதல்ல இதை முடிச்சுடுவோம். ஒரு பென்டிரைவ் எடுங்க, எஃப்ஏடி32 இல்லன்னா எக்ஸ்ஃபாட்ல இருக்கணும். பிஎஸ்4 செட்டிங்ஸ்ல அப்ளிகேஷன் சேவ்டு டேட்டா மேனேஜ்மென்ட்னு இருக்கும், அதுக்குள்ள போய் ஜிடிஏ 5 சேவ்-ஐ யுஎஸ்பிக்கு காப்பி பண்ணுங்க. பிளேஸ்டேஷன் ப்ளஸ் சந்தா இருந்தா கிளவுட்லயும் ஏத்திக்கலாம், ஆனா சந்தா இல்லாம பென்டிரைவ்லயே வேலை முடிஞ்சுடும். அப்புறம் பிஎஸ்4ல இருந்த அதே பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) அக்கவுண்ட்ல பிஎஸ்5-ஐ திறந்து சேவ்டு டேட்டா மெனுல பிஎஸ்4 பக்கம் போய் இறக்கிக்கோங்க. வேற அக்கவுண்ட்னா வேலைக்கு ஆகாது. டிஸ்க்-ஐ பிஎஸ்5ல போட்டு கேம் ஓப்பன் ஆகி உங்க 61% கண்ணுல பட்ட அப்புறம்தான் பழைய பெட்டிய இனிஷியலைஸ் பண்ணணும், அதாவது எல்லாத்தையும் அழிக்கணும்.

டிஸ்க் பத்தி ஒரு வார்த்தை, உங்க பிஎஸ்5ல டிஸ்க் டிரைவ் இருக்குதானே? டிஜிட்டல் மாடல்னா இந்த டிஸ்க் வெறும் தட்டுதான். புது ஸ்லிம் மாடலா இருந்தா டிரைவ் தனியா வாங்கி மாட்டிக்கலாம், முதல்ல வந்த தடி மாடல்ல அதுவும் முடியாது.

டிரைவ் இருக்குன்னா பழைய டிஸ்க் தாராளமா ஓடும், ஆனா ஓடுறது 2014 நவம்பர்ல வந்த பிஎஸ்4 வெர்ஷனேதான். அதே 1080பி படத்தெளிவு, அதே 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு 30 ஃப்ரேம்), லோடிங் மட்டும் கொஞ்சம் சீக்கிரம். புது கன்சோல் வாங்கிட்டோமே, படம் தானா பளபளன்னு மாறிடும்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, கேம்லயே 30க்கு லாக் பண்ணியிருக்கும்போது பெட்டி எவ்வளவு பவரா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

2022 மார்ச்ல வந்த பிஎஸ்5 வெர்ஷன் தனி கேம், பழைய டிஸ்க் இருக்குன்னு ஃப்ரீயா குடுக்கமாட்டாங்க. அதுல மூணு மோடு இருக்கு. ஃபிடெலிட்டின்னா 4கே, ரே ட்ரேசிங் (வெளிச்சம், நிழலை நிஜம் மாதிரி காட்டுறது) எல்லாம் உண்டு ஆனா 30 எஃப்பிஎஸ். பெர்ஃபார்மன்ஸ்னா 60. பெர்ஃபார்மன்ஸ் ஆர்டின்னா 60ம் கொஞ்சம் ரே ட்ரேசிங்கும். கண்ண மூடிட்டு மூணாவதப் போடுங்க. ஸ்கிரீன்ஷாட்ல பார்த்தா ஃபிடெலிட்டி அழகுதான், ஆனா கேமோட மூணு ஹீரோல ஒருத்தரான ஃப்ராங்க்ளினை வெச்சு ஃப்ரீவேல எதிர் டிராஃபிக்ல புகுந்து போறப்ப கைக்குத் தெரியுறது 60 எஃப்பிஎஸ் மட்டும்தான், வண்டி நாம திருப்பின அதே நொடி திரும்புது, பத்து வருஷமா நாம ஓட்டினது இந்த வண்டிதானான்னு சந்தேகமே வந்துடும். காசு குடுக்கணும்னா இந்த ஒரு காரணத்துக்குத்தான் குடுக்கணும்னு நான் சொல்வேன், கன்ட்ரோலர் ட்ரிகர்ல இறுக்கம் வர்றது, 3டி ஆடியோ எல்லாம் சும்மா கொசுறு. முழு விலைக்கு வாங்காதீங்க, ஸ்டோர்ல சேல் அடிக்கடி வரும். டிவில கேம் மோடு ஆன்ல இருக்கான்னும் பார்த்துடுங்க, அது ஆஃப்ல இருந்தா 60ம் சொதப்பும்.

வாங்கினா சேவ் எப்படிப் போகும்? பென்டிரைவ்ல இருந்து நேரா பிஎஸ்5 வெர்ஷனுக்குள்ள போகாது. பிஎஸ்4 வெர்ஷனைத் திறந்து (பிஎஸ்5லயே டிஸ்க் போட்டுத் திறந்தாலும் சரி, பழைய பெட்டி தேவையில்ல), ஸ்டோரி மோடுல பாஸ் மெனு, கேம் டேப், அப்லோட் சேவ். அதுக்கு ராக்ஸ்டார் (கேமை உருவாக்கின கம்பெனி) அக்கவுண்ட் லிங்க் ஆகியிருக்கணும். ஒரு சமயத்துல ஒரே ஒரு சேவ்தான் ஏத்த முடியும், 90 நாளைக்குள்ள பிஎஸ்5 வெர்ஷன்ல இறக்கிடணும். அதனால சேல் வரட்டும்னு இப்பவே ஏத்தி வெச்சுட்டு மறந்துடாதீங்க, வாங்கின அன்னிக்கு ஏத்தினா போதும்.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன். அந்த 61%ல இருந்து தொடர்ந்தா ரெண்டாவது மிஷன்லயே கடுப்பாகிடுவீங்க. கார் ஓட்டுறது கைக்கு உடனே வந்துடும், ஹெலிகாப்டரும் பிளேனும் வராது, எந்த பட்டன் இன்னொரு ஹீரோ மைக்கேலோட ஸ்லோமோஷன்னுகூட நினைவு இருக்காது (எல்3, ஆர்3 சேர்த்து அமுக்கணும்). கதையும் யாரு யாரை ஏமாத்தினாங்கன்னு பாதி மறந்திருக்கும். தொடரத்தான் போறேன்னா முதல்ல ஏர்போர்ட் ஃப்ளைட் ஸ்கூல்லயும் அம்யுநேஷன் துப்பாக்கிக் கடை ஷூட்டிங் ரேஞ்ச்லயும் ஒரு சாயங்காலம் செலவு பண்ணுங்க. பிடிச்ச பழைய மிஷனை பாஸ் மெனுல ரீப்ளே போட்டும் கையைப் பழக்கலாம்.

நானா இருந்தா சேவ்-ஐ பத்திரமா வெச்சுட்டு கதை தொடங்குற நார்த் யாங்க்டன் பனியில இருந்து புதுசா ஆரம்பிப்பேன். கதை மட்டும்னா ஒரு முப்பது மணி நேரம், ராத்திரி குழந்தை தூங்கின அப்புறம் ஒரு மணி நேரம்னு வெச்சாலும் ஒரு மாசத்துல முடிஞ்சுடும்.

புதுசா ஆரம்பிச்சா போன தடவை எல்லாரும் பண்ணின தப்பை மட்டும் பண்ணாதீங்க. கொள்ளைத் திட்டம் போடுற லெஸ்டர் ஃப்ராங்க்ளினுக்குக் குடுக்குற கொலை மிஷன் அஞ்சுல முதல் ஹோட்டல் மிஷன் மட்டும்தான் கதைக்குக் கட்டாயம், மீதி நாலையும் அப்ப தொடவே தொடாதீங்க, ஏன்னா ஒவ்வொரு கொலையும் கேம்ல இருக்குற ஏதோ ஒரு கம்பெனி ஷேர் விலையை மாத்தும். கடைசி பெரிய கொள்ளை முடிஞ்சு மூணு பேர் கையிலயும் கோடிக்கணக்குல பணம் வந்த அப்புறம், மிஷனுக்கு முன்னாடியே மூணு பேர் பணத்தையும் மொத்தமா ஷேர்ல போட்டுட்டுத்தான் சுடணும். ரெண்டாவது மிஷனுக்கு டெபோனேர் கம்பெனி ஷேர், மூணாவதுக்கு ஃப்ரூட், கடைசி கட்டட மிஷனுக்கு கோல்ட் கோஸ்ட். பஸ் மிஷன் மட்டும் தலைகீழ், அங்க முதல்ல சுட்டுட்டு வேப்பிட் ஷேர் விலை சரிஞ்ச அப்புறம் வாங்கணும்.