அம்மாவை எந்தப் பெயரில் உள்ளே விடுகிறீர்கள்?

கேள்வி:

எனக்கு 33 வயது. ஐடியில் வேலை. முதலில் கூவம் கரையில் குடிசையில் இருந்தோம். நான் மூன்றாவது படிக்கும்போது, குடிசைகளில் இருந்தவர்களுக்காகச் சென்னையின் ஓரத்தில் அரசு கட்டிய கண்ணகி நகருக்கு எங்களை மாற்றினார்கள். அப்பா இல்லை. அம்மா பழைய வீடுகளுக்கே தினமும் பஸ்ஸில் போய் வீட்டு வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். இப்போது நாவலூரில் ஃப்ளாட் வாங்கிவிட்டேன். அம்மா மட்டும் கண்ணகி நகரை விட்டு வர மாட்டேன் என்கிறார். பணம் தவறாமல் அனுப்புகிறேன். மாதம் இரண்டு தடவை பேரனைப் பார்க்க வருவார் (கேட்டிலிருந்து ஒவ்வொரு தடவையும் போன் வருகிறது என்று, குடியிருப்பின் கேட் ஆப்பில் அவரை டெய்லி ஹெல்ப் என்று போட்டு வைத்திருக்கிறேன், அதனால் சிரமம் இல்லை). ஆனால் சாயங்காலமே கிளம்பிவிடுவார். என் மனைவி அந்த ஏரியாவுக்குப் பையனை அனுப்பவே மாட்டேன் என்கிறாள். என் மேனேஜர் கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூக சேவை) நிகழ்ச்சிக்கு அங்கே போய்விட்டு வந்து, "இருக்கறது கொஞ்சம்தான், ஆனா எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க" என்று எல்லோரிடமும் சொல்கிறார். நான் ஒன்றும் பேசவில்லை. அம்மாவோ "இங்க எனக்கு என்ன குறை" என்கிறார். யார் பார்ப்பது சரி? அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

— பெயர் வேண்டாம், நாவலூர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறது. மற்றதெல்லாம் பல பேர் எனக்கு எழுதிவிட்டார்கள். படித்து மேலே வந்த பிள்ளை, பழைய வீட்டை விடாத அம்மா, நடுவில் மருமகள். அந்தக் கடிதங்களுக்கு "வயசானவங்களுக்கு இடம் மாறுவது கஷ்டம், பொறுமையா இருங்க" என்று பதில் சொல்லலாம். உங்களுக்கு அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பெற்ற தாயை வேலைக்காரம்மா என்று பதிந்து வைத்திருக்கிறீர்கள். அதற்கு மேல் "அதனால் சிரமம் இல்லை" என்று வேறு எழுதுகிறீர்கள். யாருக்குச் சிரமம் இல்லை?

இந்த மாதிரி ஆப்களில் குடும்பத்தினர் என்று சேர்க்கவும் இடம் உண்டு. உங்கள் மாமனார் மாமியார் வரும்போது என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவர்கள் பெயர் டெய்லி ஹெல்ப்பில் இருக்காது என்று அடித்துச் சொல்வேன். அவர்கள் வந்தபோதும் கேட்டிலிருந்து போன் வந்திருக்கும்தானே? அம்மாவின் புடவையையும் கட்டைப்பையையும் பார்த்தால் செக்யூரிட்டி எப்படியும் அப்படித்தான் நினைக்கப்போகிறார், நாமும் அப்படியே போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அம்மா எங்கே இருக்கிறார் என்று பக்கத்து ஃப்ளாட்டுக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் வராது. இவ்வளவையும் கணக்குப் போட்டுச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமலே கை அங்கே போயிருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அம்மாவுக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்களா? இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் அவர். எந்த லிஃப்டில் ஏறச் சொல்கிறார்கள், எந்தக் குரலில் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே தன்னை யாராக நினைக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும். வேலைக்கு வருகிறவர்கள் வெளியே போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்கிற பழக்கம் எத்தனையோ குடியிருப்புகளில் இருக்கிறது. உங்கள் கேட்டில் உங்கள் அம்மாவின் பையைத் திறக்கச் சொன்னார்களா என்று இன்றைக்கே விசாரியுங்கள். அவர் வந்ததும் டெய்லி ஹெல்ப் உள்ளே வந்துவிட்டார் என்று உங்கள் போனில் அறிவிப்பு வருமே, பையன் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தால் பாட்டியைப் பற்றி முதலில் படிக்கப்போவது அதைத்தான்.

சாயங்காலமே கிளம்பிவிடுகிறார் என்று குறைப்படுகிறீர்கள். வேலைக்கு வந்தவர் என்று பெயர் போட்ட இடத்தில் ராத்திரி தங்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

சரி, யார் பார்ப்பது சரி என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் மேனேஜர் பார்த்தது 2020-இல் அங்கே சுவர்களில் வரைந்த பெரிய பெரிய ஓவியங்களை. அழகாகத்தான் இருக்கின்றன. முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடியை ஒட்டித்தான் இருக்கும், அதற்குள் கல்யாணமான மகனும் மருமகளும் வயசுக்கு வந்த பெண்ணும் எப்படிப் படுத்துத் தூங்குகிறார்கள் என்று அவருக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். வீடு தேடி வந்தவரிடம் நம் ஜனங்கள் சிரித்துத்தான் பேசுவார்கள், அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்து வறுமையிலும் சந்தோஷம் என்று சொல்வது அவருக்கு நிம்மதியாக இருக்கிறது. நீங்கள் அங்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) ஐடி ஆபீஸ்களில் தரை துடைக்கிறவர்களும் ராத்திரி காவலுக்கு நிற்கிறவர்களும் நிறைய பேர் கண்ணகி நகரிலிருந்து வருகிறவர்கள்தான். அவர்கள் சம்பளம் எவ்வளவு என்று உங்கள் மேனேஜரைக் கேட்டிருக்கலாம்.

உங்கள் மனைவியின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கஞ்சா இருக்கிறது, அடிதடி இருக்கிறது, அங்கேயே பிள்ளை வளர்க்கிற தாய்மார்களுக்கு அவளைவிடப் பத்து மடங்கு பயம் இருக்கிறது. ஆனால் பதினைந்தாயிரம் வீடுகளுக்கு மேல் உள்ள ஒரு ஊரையே அந்த ஏரியா என்று ஒதுக்குவது வேறு விஷயம். அந்த முகவரியைப் பார்த்தால் வேலை கொடுக்க யோசிக்கிறார்கள், கடன் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று அங்குள்ள பிள்ளைகள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இன்டர்வியூவுக்கு நீங்கள் எந்த முகவரியைக் கொடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். 2025-இல் ஆசிய இளைஞர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார் என்று ஊரே கொண்டாடியது. அது அடங்கியதும் பழையபடி அந்த ஏரியா ஆகிவிட்டது.

அரசாங்கம் மட்டும் வேறு மாதிரியா பார்த்தது? 1971-ஆம் வருஷக் குடிசைப் பகுதிச் சட்டம், எது குடிசைப் பகுதி என்று சொல்லும் இடத்திலேயே அங்கே வாழ்கிறவர்களோடு அக்கம்பக்கத்தாருக்கும் ஆபத்தாகக்கூடிய இடம் என்று சேர்த்து எழுதியிருக்கிறது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்று எழுதி வைத்த குடிசை மாற்று வாரியம்தான் (2021-இல் பெயரை மாற்றிவிட்டார்கள்) 2000-க்குப் பிறகு ஊருக்கு நடுவில் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய்த் தூரத்தில் இறக்கியது. இறக்கியவர்கள் கான்கிரீட் வீட்டைப் பார்த்தார்கள். உங்கள் அம்மா பார்த்தது, வேலை பார்த்த வீடுகள் அங்கேயே இருக்க, தான் மட்டும் விடியற்காலை பஸ்ஸுக்கு நின்றதை. உங்களைத் தூங்கவிட்டுவிட்டுத்தான் அவர் போயிருப்பார்.

அவர் "என்ன குறை" என்று சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர், சாக்கடை, ராத்திரியில் சண்டைச் சத்தம், குறைக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் காய்ச்சல் என்றால் எதிர்வீட்டிலிருந்து கஞ்சி வரும், அவர் வார்த்தையை நம்பிச் சீட்டு போட நாலு பேர் இருப்பார்கள், ஒரு சாவு என்றால் முதலில் அவரைக் கூப்பிடுவார்கள். அந்தத் தெருவில் அவர் ஒண்டியாக நின்று பையனை ஐடி வேலைக்கு அனுப்பிய அம்மா, உங்கள் குடியிருப்பில் டெய்லி ஹெல்ப். நீங்களாக இருந்தால் எங்கே இருப்பீர்கள்?

பணம் தவறாமல் அனுப்புகிறேன் என்கிறீர்கள். பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் வருஷச் சட்டம்கூட உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று கேட்கிறது. அது பெற்றவர்களைத் தெருவில் விட்ட பிள்ளைகளுக்காகப் போட்ட சட்டம். உங்களை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அதனால் அந்த அளவோடு விடவும் மாட்டேன். பிள்ளை என்றால் நாலு பேர் முன்னால் இவர் என் அம்மா என்று சொல்ல வேண்டும்.

இன்றைக்கு ராத்திரியே அந்தப் பதிவை நீக்கிவிட்டு, குடும்பத்தில் அவர் படத்தோடு சேருங்கள். அடுத்த தடவை அவர் வரும்போது கீழே இறங்கிப் போய் கேட்டில் நில்லுங்கள். செக்யூரிட்டியிடம் நேராகச் சொல்லுங்கள். எல்லோரும் ஏறுகிற லிஃப்டில் கூட்டிக்கொண்டு போங்கள், பக்கத்து வீட்டுக்காரர் அம்மா எங்கே இருக்காங்க என்று கேட்டால் கண்ணகி நகர் என்று அம்மா காதுபடச் சொல்லுங்கள். அப்புறம் அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அதுக்கென்னப்பா" என்பார். அதைக் கேட்டுவிட்டு அப்பாடா என்று எழுந்து போகாதீர்கள், உட்கார்ந்து முழுசாகச் சொல்லுங்கள். மனைவியிடமும், ஆப்பில் அப்படிப் போட்டது நீங்கள்தான் என்று சொல்லுங்கள். மாமியாரை எப்படி நடத்த வேண்டும் என்று அவள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் வராமல் இருக்கலாம். சம்மதிக்க வைக்க வேண்டாம், அவர் இஷ்டம். நீங்கள் போங்கள். பையனைப் பகலில் கூட்டிக்கொண்டு போய் இருட்டுவதற்குள் திரும்புங்கள், மனைவி முதலில் வர மறுத்தால் சண்டை வேண்டாம். மாதத்தில் ஒரு ராத்திரி நீங்கள் மட்டும் அங்கே தங்குங்கள். இவ்வளவு எழுதிய நீங்கள், அம்மாவுக்கு முட்டி வலி உண்டா, மாடி ஏற முடிகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.