காற்று அடித்த பிறகும் டயர் விளக்கு திரும்பத் திரும்ப எரிந்தால் என்ன செய்வது?

காற்று அடித்து இரண்டு நாள் ஆகவில்லை, டேஷ்போர்டில் டயர் விளக்கு மறுபடி எரிகிறது, சென்சார் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். போன மார்கழியில் எனக்கும் இதே கதைதான். சென்சாரைச் சந்தேகிப்பதற்கு முன்னால், வண்டியை எடுக்காத ஒரு காலையில் நான்கு டயரையும் அளந்து பாருங்கள்.

திருச்சியிலிருந்து பள்ளத்தூர் வீட்டுக்குப் போயிருந்தோம். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பியதும் லாடம் மாதிரி மஞ்சள் படம், நடுவில் ஆச்சரியக்குறி. ராத்திரிப் பனியில் காற்று சுருங்கியிருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். காரைக்குடி வரை ஓட்டிப் போய், பங்க்கில் எல்லாச் சக்கரத்துக்கும் 33 பவுண்டு வைக்கச் சொன்னேன். (மெஷினில் பி.எஸ்.ஐ. என்று காட்டுவதுதான் இந்தப் பவுண்டு.) பையன் மளமளவென்று அடித்து முடித்தான். அடிப்பதற்கு முன் எந்த டயரில் எவ்வளவு இருந்தது என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துப்பு அங்கேயே தொலைந்தது.

குளிர் மேல் பழி போட்டதும் தப்புக் கணக்கு. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயரில் சுமார் 2 பவுண்டு குறையும், அவ்வளவுதான். ஆனால் விளக்கு எரிய, பொதுவாக ஐந்தில் ஒரு பங்கோ கால் பங்கோ இறங்க வேண்டும். 33 வைத்த டயர் 26 பக்கம் வர வேண்டும். காரைக்குடிப் பனிக்கு அந்தச் சக்தி கிடையாது. ஒன்று, முன்பே குறைந்து கிடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெயிலில் தூரமாக ஓடிச் சூடான டயரில் அளந்து 33 வைத்திருக்க வேண்டும். ஓட்டத்தில் 4 பவுண்டு வரை ஏறிக் காட்டும், ஆறினால் அது காணாமல் போய்விடும். இன்னொரு விஷயம், குளிர் நான்கு டயரையும் ஒன்றாகத்தான் இறக்கும். ஒரே டயர் மட்டும் இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

காற்று அடித்த பிறகும் என் வண்டியில் விளக்கு அணையவில்லை. ஏனென்றால் அதில் டயருக்குள் சென்சாரே கிடையாது. பிரேக்குக்கான ஏபிஎஸ் சென்சார்தான் சக்கரத்தின் சுழற்சியையும் பார்க்கிறது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சிறுத்துவிடும், அதனால் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சொல்கிறது. எந்த டயர், எத்தனை பவுண்டு என்று சொல்லத் தெரியாது. காற்றைச் சரி செய்தபின் ரீசெட் பட்டனை அழுத்தி "இதுதான் சரியான அளவு" என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அழுத்தினேன், அணைந்தது.

இரண்டாம் நாள் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பும்போது மறுபடி விளக்கு. பின் சீட்டில் அப்பத்தா, மடியில் அர்ச்சனைக் கூடை. "அன்னைக்கு அமுக்கினியே, அதையே அமுக்கு தம்பி" என்றார் அத்தான். அமுக்கினேன், போய்விட்டது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்புறம்தான் உறைத்தது. காற்று குறைந்த டயரையே சரியான அளவு என்று வண்டிக்குப் பாடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு விளக்கு வாயே திறக்கவில்லை. திரும்பும் வழியில் ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தபோதுதான் பயம் வந்தது.

மறுநாள் காலை மீட்டர் வைத்துப் பார்த்தேன். மூன்று டயர் 31, 32 என்று இருந்தன. முன் இடது 19.

அதை ஓட்டிப் போகக் கூடாது. சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன பம்பால் காற்று ஏற்றிக்கொண்டுதான் பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தார். குமிழி வரவில்லை. வந்திருந்தால் உள்ளே இருக்கும் பின்னை மாற்றினால் முடிந்தது. அடுத்து டயர் முழுக்கச் சோப்புத் தண்ணீர், ரிம் ஓரம் உட்பட. டயரின் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே கடுகளவு நுரை. குறடால் இழுத்தார். "கருவ முள்ளு சார். கம்மாக்கரைப் பக்கம் போனீங்களா?" போயிருந்தோம், வந்த அன்றே, குலதெய்வக் கோயிலுக்கு. சீமைக் கருவேலம் முள் குத்தி மேலோடு ஒடிந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. டியூப்லெஸ் டயரில் முள்ளே ஓட்டையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நிற்கும், காற்று கசிந்து கொண்டே இருக்கும். ஆணி என்றாலும் இதே கதைதான். அது தரையில் படும் பாகம் என்பதால் ஓட்டையில் ரப்பர் ஸ்ட்ரிப் சொருகிப் பத்து நிமிடத்தில் முடித்தார். பக்கச்சுவரில் குத்தியிருந்தால் ஒட்டாதீர்கள், டயரை மாற்றுங்கள்.

உங்கள் வண்டி ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக எண் காட்டுகிறதா? அப்படியானால் வால்வோடு சேர்ந்து உள்ளே சென்சார் இருக்கிறது. டயரைக் கழற்றும் முன் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், கடப்பாரை பட்டால் உடைந்துவிடும். அந்தச் சென்சாரில் பேட்டரி உண்டு, ஐந்திலிருந்து பத்து வருடம் வரும். வண்டி எடுத்ததும் விளக்கு ஒரு நிமிடம் போல மின்னி மின்னி, பிறகு நிலையாக எரிந்தால்தான் சென்சார் கோளாறு. உங்களுக்கு எடுத்த உடனே நிலையாக எரிகிறது என்றால் காற்றுதான் குறைகிறது.

எத்தனை பவுண்டு என்பதற்கு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். டயர் மேல் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதை வைக்காதீர்கள். முழுப் பாரத்துக்குத் தனி எண் இருக்கும். ஐந்து பேரும் டிக்கி நிறையப் பலகாரத் தூக்குமாக ஊரிலிருந்து கிளம்பும்போது எனக்கு அதுதான் கணக்கு. ஆறிய டயரில் வையுங்கள், பிறகு ரீசெட், அடுத்த இரண்டு காலை மீட்டர். எனக்கு இரண்டு நாளும் 33 நின்றது.